நிலைமாற்றியின் ஆயுளை அளத்தல்

மின்சார நிலையமொன்றின் வேலிக்குள்ளே, சாம்பல் நிறம் பூசிய பெரியதோர் இரும்புத் தொட்டி ஓயாத முரற்சியுடன் நிற்பதைப் பலர் கண்டிருப்பர். ஊர்வழக்கில் ட்ரான்ஸ்போமர் என்றும், பாடநூல்களில் நிலைமாற்றி என்றும் வழங்கும் பொறி அதுவே. அதன் நடுவுறுப்புகளில் சுழலும் சில்லு இல்லை. உராய்ந்து தேயும் அச்சு இல்லை. அங்குள்ள செம்பும் இரும்பும் நெடுங்காலம் கெடாமல் இருக்கக்கூடியவை. ஆயினும் நிலைமாற்றிக்கு முதுமை உண்டு, முடிவும் உண்டு. அந்த முதுமை எங்கே குடிகொண்டிருக்கிறது என்று வினவினால், விடை சற்று வியப்பைத் தரும். செம்புக் கம்பிகளைச் சுற்றியிருக்கும் கடதாசியிலேதான் அது குடிகொண்டிருக்கிறது.

பெரிய நிலைமாற்றி ஒன்று பழுதானால் ஒரு பட்டினத்தின் விளக்குகள் மட்டும் அணைவதில்லை. வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடமும், குடிநீரை மேடேற்றும் பம்பியும், ஆலைகளும் உடன் நிற்கின்றன. அத்தகைய பொறி கடையிலே ஆயத்தமாகக் கிடைப்பதுமன்று. கட்டளை கொடுத்துச் செய்வித்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். ஆதலால் அதனை வாங்குவோரும் இயக்குவோரும் இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். இப்பொறி எத்தனை ஆண்டு நிலைக்கும்? எவ்வளவு சுமையை அதன்மேல் ஏற்றலாம்? அச்சத்தினால் மிகக் குறைத்து விடை சொன்னால், நல்ல பொறி வீணே கழிக்கப்படும், பொதுப்பணம் விரயமாகும். துணிவினால் மிகக் கூட்டிச் சொன்னால், ஒருநாள் இரவு எண்ணெய்த் தொட்டி தீப்பற்றும். இவ்விரு தவறுகளுக்கும் இடையே நேரிய விடையைக் காண்பதற்கு எழுந்ததே மின்காவலிகளின் வெப்பந்தாங்கும் ஆற்றலைச் சோதிக்கும் முறை.

நிலைமாற்றியின் உள்ளமைப்பை முதலில் நோக்குவோம். மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த அகணி ஒன்று நடுவே உண்டு. அதனைச் சூழ்ந்து செம்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. சுருளின் ஒவ்வொரு கம்பியும் பல படை கடதாசியினாற் சுற்றப்பட்டிருக்கும். சுருளுக்கும் சுருளுக்கும் இடையே, கடதாசிக் கூழை அழுத்திச் செய்த தடித்த மட்டைகள் நிற்கும். இவை யாவும் கனிய எண்ணெயில் அமிழ்ந்திருக்கும். எண்ணெய்க்கு இரண்டு தொழில்கள் உள. கடதாசியின் நுண்டுளைகளில் ஊறி மின் கசியாமற் காப்பது ஒன்று. சுருளின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலெழுந்து, தொட்டியின் புறத்தேயுள்ள குளிராக்கும் குழாய்களிலே அதனைக் கழித்து மீளுவது மற்றொன்று.

இச்சூடு எங்கிருந்து வருகிறது? நிலைமாற்றி மிகுந்த திறன் வாய்ந்த பொறி. தன்னூடாகச் செல்லும் வலுவில் மிகச் சிறிய பகுதியையே அது இழக்கிறது. ஆயினும் நூறு மெகாவாற்று வலு கடந்து செல்லும்போது, அதில் இருநூறில் ஒரு பங்கே வெப்பமாக மாறுகிறது என்று கொண்டாலும், அது 500 கிலோவாற்று ஆகும். ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் ஐந்நூற்றை ஒரு தொட்டிக்குள் ஒருங்கே மூட்டி வைத்ததற்கு அது சமம். மேலும், செம்பிலே தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். சுமை இருமடங்கானால் அவ்வெப்பம் நான்கு மடங்காகும். மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றி அடுப்பையும் மூட்டும் வேளையில், நிலைமாற்றியின் உள்ளே நிகழ்வது இதுவே.

சுருள் முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. எண்ணெய் கீழிருந்து மேலே செல்லுந்தோறும் சூடேறுவதால், சுருளின் மேற்பகுதியை அடுத்து ஓரிடம் ஏனைய இடங்களைக் காட்டிலும் மிகுதியாகக் கொதிக்கும். அதனை உச்சச் சூட்டிடம் எனலாம். ஒரு சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியில் தங்கியிருப்பது போல, நிலைமாற்றியின் ஆயுள் இந்த இடத்துக் கடதாசியில் தங்கியிருக்கிறது. ஏனைய பகுதிகளிற் கடதாசி இளமையாக இருந்தும் பயனில்லை. இந்த ஓரிடத்திற் பொடிந்தால் பொறி முழுவதும் போயிற்று.

கடதாசி எவ்வாறு முதுமையடைகிறது? இங்கே பயன்படுவது மரக்கூழிலிருந்து செய்யப்படும் கிராப்ற் கடதாசி. கிராப்ற் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். அக்கடதாசியின் முதற்பொருள் செலுலோசு. குளுக்கோசு அலகுகள் ஒன்றோடொன்று கோத்து அமைந்த நீண்ட சங்கிலியே செலுலோசின் மூலக்கூறு. புதிய கடதாசியில் ஒவ்வொரு சங்கிலியிலும் சராசரியாக ஆயிரத்துக்குக் குறையாத அலகுகள் இருக்கும். வெப்பமும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்து இச்சங்கிலிகளைச் சிறுகச் சிறுக அறுக்கின்றன. சராசரி நீளம் ஏறக்குறைய 200 அலகுகளுக்கு இறங்கியதும், கடதாசி தன் பலத்தைப் பெரிதும் இழந்துவிடுகிறது. ஆயிரம் இருநூறாவதற்கு ஒரு சங்கிலியில் எத்தனை வெட்டுகள் வேண்டும்? நான்கே வெட்டுகள் போதும். நான்கு இடங்களில் அறுந்த சங்கிலி ஐந்து துண்டுகளாகும். பல்லாண்டுகளின் உழைப்பு இந்த நான்கு வெட்டுகளில் அடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்திற் கொள்ளவேண்டும். முதுமையடைந்த கடதாசி, எண்ணெயில் ஊறி அசையாமல் இருக்கும் வரையில், மின்னைத் தடுக்கும் தன் தொழிலை ஓரளவு நன்றாகவே செய்துகொண்டிருக்கும். அது இழப்பது மின் தாங்கும் வலிமையையன்று. இழுவையைத் தாங்கும் வலிமையை. பழங்கணக்கேட்டின் தாள் பழுப்பேறி, விரலால் மடித்தவுடன் பொடிவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். தாள் தன்பாட்டிற் கிடக்கும்வரை எழுத்து அழிவதில்லை, தொட்டாற்றான் உதிர்கிறது. நிலைமாற்றியைத் தொடும் விரல் குறுஞ்சுற்று ஆகும். தொலைவில் ஓரிடத்தில் மரம் முறிந்து மின்கம்பிகள்மேல் விழும்போது, இயல்பைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் ஒருகணம் சுருளிற் பாய்ந்து, கம்பிகளைப் பெருவிசையுடன் உலுக்கும். இளங்கடதாசி அவ்வுலுக்கலைப் பொறுக்கும். முதிர்ந்த கடதாசி வெடித்து உதிரும். கம்பியின் செம்பு வெளிப்பட்டு, அடுத்த கம்பியுடன் மின்வில் மூளும். பலவருடம் ஒரு குறையுமின்றி உழைத்த பொறி ஒரு புயலிரவில் திடீரென வீழ்வதற்குக் காரணம் பலவேளைகளில் இதுவே. அன்றைய புயல் கடைசி அடியை மாத்திரம் கொடுத்தது. அழிவு நெடுநாளாகவே நிகழ்ந்து வந்தது.

அவ்வாறாயின், இருபது முப்பது ஆண்டுகளாக நிகழும் இச்சிதைவை முன்கூட்டியே அளப்பது எங்ஙனம்? ஒரு கடதாசித் துண்டை எண்ணெயில் இட்டு முப்பது ஆண்டு காத்திருப்பது விடையாகாது. அதற்குள் அக்கடதாசியைச் செய்தவரும் சோதித்தவரும் ஓய்வுபெற்றுவிடுவர். அக்கடதாசியே வழக்கொழிந்தும் போகலாம். காலத்தைச் சுருக்க ஒரு வழி வேண்டும். அவ்வழியைத் திறந்தவர் மின்பொறியியலாளர் அல்லர். இரசாயன விஞ்ஞானி ஒருவர். சுவீடன் நாட்டினரான சுவாந்தே ஆரீனியசு 1889ஆம் ஆண்டில், இரசாயனத் தாக்கங்களின் வேகம் வெப்பநிலையோடு எவ்வாறு ஏறுகிறது என்பதை ஒரு சமன்பாட்டினால் விளக்கினார். வெப்பநிலை சிறிது சிறிதாக ஏற, தாக்கத்தின் வேகம் மடங்கு மடங்காகப் பெருகும் என்பதே அதன் சாரம். 1903ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மின்பொறியியலாளர் இதே உண்மையை வேறொரு பாதையால் வந்தடைந்தனர். 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்ரைன்மெற்சு, லாம் என்னும் இருவர், மின்காவலிகளை அவை தாங்கக்கூடிய வெப்பநிலைக்கு ஏற்ப ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அது இன்றைய வெப்ப வகுப்புகளுக்கு வழிகாட்டியது. ஆயினும் ஒரு வெப்பநிலையை எல்லையாகக் குறித்து, அதற்குக் கீழே நலம், அதற்கு மேலே கேடு என்று கூறுவது உண்மைக்கு முற்றும் பொருந்தாது. காவலி எந்த வெப்பநிலையிலும் முதுமையடைந்துகொண்டே இருக்கிறது, வேகமே வேறுபடுகிறது. இதனைத் தெளிவாக எண்ணிக்கையில் வைத்துக் காட்டியவர் ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த மொன்சிங்கர். எண்ணெயில் இட்டுச் சூடாக்கிய காவலிகள் இழுவை வலிமையை இழக்கும் வேகத்தை அவர் அளந்தார். வெப்பநிலை 8 பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் காவலியின் ஆயுள் பாதியாகிறது என்னும் விதியை 1930ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1948ஆம் ஆண்டில் டேக்கின் என்பவர், காவலியின் முதுமை என்பது ஓர் இரசாயனத் தாக்கமே என்றும், ஆரீனியசின் சமன்பாடு அதற்கு அப்படியே பொருந்தும் என்றும் எடுத்துக்காட்டினார். அனுபவ விதிக்கு அன்று விஞ்ஞான அடிப்படை கிடைத்தது.

இவற்றின் பயனாக எழுந்த சோதனை முறை பின்வருமாறு. நிலைமாற்றியில் உள்ள பொருள்களையே, அங்கே உள்ள அதே விகிதத்தில் எடுத்துக்கொள்கின்றனர். கடதாசி, மட்டை, எண்ணெய், செம்பு, அகணியின் உருக்கு ஆகிய அனைத்தும் வேண்டும். ஏனெனில், எண்ணெயிலிருந்து தோன்றும் அமிலம் கடதாசியைத் தாக்கும். செம்பு எண்ணெயின் சிதைவை விரைவுபடுத்தும். தனித்தனியே சோதித்தால் இவ்வுறவுகள் மறைந்துவிடும். கடதாசியை நன்றாக உலர்த்தி, எண்ணெயை ஊறவிட்டு, யாவற்றையும் குழாய்களில் இட்டு இறுக மூடுகின்றனர். பின்னர் அக்குழாய்களை, வெப்பநிலை மாறாது காக்கும் பெட்டிகளில் வைக்கின்றனர். ஒரு தொகுதி ஒரு வெப்பநிலையிலும், அடுத்த தொகுதி அதனிலும் கூடிய வெப்பநிலையிலும் இருக்கும். மூன்று வெப்பநிலைகளாவது வேண்டும் என்பது விதி. குறித்த நாள்களில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில குழாய்களை வெளியே எடுத்து உடைத்துக் கடதாசியைச் சோதிக்கின்றனர். அதனை இழுத்து அறுத்து வலிமையை அளக்கின்றனர்; செம்பு சேர்ந்த ஒருவகைக் கரைசலிற் கரைத்து, அக்கரைசலின் பிசுக்குமையைக் கொண்டு செலுலோசுச் சங்கிலியின் நீளத்தைக் கணிக்கின்றனர்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் கடதாசி தன் இறுதியை அடையச் சென்ற காலம் இவ்வாறு தெரியவரும். அக்காலங்களை மடக்கை அளவிலும், வெப்பநிலைகளைத் தனிவெப்பநிலையின் நேர்மாறாகவும் கொண்டு வரைபிற் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். அக்கோட்டைத் தாழ்ந்த வெப்பநிலைப் பக்கமாக நீட்டினால், பொறி உண்மையில் இயங்கும் வெப்பநிலையிற் காவலியின் ஆயுள் எவ்வளவு என்பது புலப்படும். மின்காவலிகளுக்கான பொதுச் சோதனை விதியில், 20,000 மணி நேர ஆயுளைத் தரும் வெப்பநிலையே ஒரு பொருளின் வெப்பச்சுட்டி எனப்படுகிறது.

இந்தக் கோட்டை நீட்டும் இடத்திலேதான் சோதனையின் வலிமையும் ஆபத்தும் ஒருங்கே உள்ளன. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 6 பாகைக்கு ஒருமுறை ஆயுள் பாதியாகும் கடதாசி ஒன்று, 98 பாகையில் 20 ஆண்டு நிலைக்கிறது எனக் கொள்க. 140 பாகைக்கு இடையேயுள்ள தூரம் 42 பாகை. அது ஏழு படிகள் ஆகும். ஏழு முறை பாதியாக்கினால் ஆயுள் 128இல் ஒரு பங்காகி, ஏறக்குறைய 57 நாளில் முடிந்துவிடும். இருபது ஆண்டை இரண்டு மாதத்துக்குட் சுருக்கிவிட்டோம் என்று மகிழலாம். ஆனால் சோதனைசெய்தோர் படியின் அளவை 6 என்பதற்குப் பதிலாக 7 எனப் பிழையாகக் கணித்துவிட்டால் என்ன ஆகும்? 42 பாகையில் ஆறு படிகளே அடங்கும். அதே 57 நாள் 64 மடங்காகிப் பத்து ஆண்டு என்றே விடை வரும். ஒரு பாகைப் பிழை, பத்து ஆண்டு ஆயுளைக் கணக்கிலிருந்து விழுங்கிவிடுகிறது. இதனாலேயே கோட்டைத் தொலைதூரம் நீட்டுவதை விதிகள் தடுக்கின்றன. மிகத் தாழ்ந்த சோதனை வெப்பநிலையில் இறுதிக்காலம் 5,000 மணி நேரத்துக்குக் குறையலாகாது. கோட்டை 25 பாகைக்கு மேல் நீட்டலாகாது. ஐயாயிரம் மணி என்பது ஏழு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அவசரத்துக்கு இச்சோதனையில் இடமில்லை.

வேறோர் ஆபத்தும் உண்டு. கோட்டை நீட்டும்போது, சோதனைக் குழாயில் நிகழ்ந்ததும் நிலைமாற்றியில் நிகழப்போவதும் ஒரே தாக்கமே என்று கொள்ளப்படுகிறது. அது எப்போதும் உண்மையாகுமா? மாங்காய் மரத்திற் பழுப்பதும் நெருப்பிற் கருகுவதும் வெப்பத்தினால் நிகழ்வனவே. எனினும் கருகும் வேகத்தைக் கொண்டு பழுக்கும் நாளைக் கணிக்க இயலாது. மிகுந்த வெப்பநிலையில் எண்ணெயும் உடன் சிதைந்து, இயல்பில் நிகழாத கேடுகளை உண்டாக்கும். உச்சச் சூட்டிடம் ஏறக்குறைய 140 பாகையைத் தாண்டினால், ஈரம் கலந்த கடதாசியிலிருந்து குமிழிகள் எழும். அக்குமிழிகளினூடாக மின் பாய்ந்து பொறி உடனே பழுதாகலாம். இது முதுமையினால் வரும் முடிவன்று, வேறுவகை முடிவு. நீரும் இவ்வாறே கணக்கைக் குழப்பும். கடதாசியில் உள்ள நீர் இருமடங்கானால் சிதைவின் வேகமும் ஏறக்குறைய இருமடங்காகும். அதற்கு மேலும், சிதையும் கடதாசியிலிருந்தே புதிதாக நீர் பிறக்கிறது. இறுக மூடிய குழாயில் அந்நீர் வெளியேற வழியின்றித் தங்கி, மேலும் சிதைவை வளர்க்கும். மூடியின் இறுக்கத்தில் உள்ள சிறு வேறுபாடும் முடிவை மாற்றும்.

ஆகவே சோதனைகள் பொறியின் உண்மை நிலையை நெருங்கும்படி திருத்தப்பட்டன. நிலைமாற்றியிற் கம்பியே மிகச் சூடாக இருக்கும்; எண்ணெய் அதனிலும் குளிர்ந்திருக்கும். குழாய்ச் சோதனையிலோ இரண்டும் ஒரே சூட்டில் வேகின்றன. இதனைத் தவிர்க்க, கடதாசி சுற்றிய செம்புக் கம்பியில் மின்னைச் செலுத்தி அதனை மாத்திரம் மிகச் சூடாக்கி, எண்ணெயை வேறொரு தாழ்ந்த சூட்டில் வைக்கும் இருவெப்பநிலைச் சோதனை உருவாயிற்று. அதற்கும் அப்பாற் சென்று, முழுமையான சிறு நிலைமாற்றிகளையே சோதனைக்கு உட்படுத்தினர். அவற்றின்மீது அளவுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றிப் பல நாள் சூடாக்குவர், பின் ஆறவிடுவர், ஆறியபின் குறுஞ்சுற்றின் உலுக்கலுக்கும் மின்னலை ஒத்த அழுத்த அடிக்கும் உள்ளாக்குவர். தாங்கியவை மீண்டும் சூடேற்றப்படும். வீழ்ந்தவற்றின் நாள் ஏட்டிற் பதிவாகும். கடதாசித் துண்டு எப்போது நலிந்தது என்பதையன்று, பொறி எப்போது தன் கடமையிலிருந்து தவறிற்று என்பதையே இச்சோதனை அளக்கிறது.

இவ்வேறுபாடு வெறும் நுட்பமன்று. அமெரிக்க நியமத்திலே, வெப்பந்தாங்கும்படி பதப்படுத்திய கடதாசிக்கு 110 பாகையில் நான்கு ஆயுள்கள் குறிக்கப்பட்டுள்ளன. இழுவை வலிமை பாதியாகும் நாளே இறுதியெனக் கொண்டால் ஆயுள் 65,000 மணி. ஏழரை ஆண்டுக்கும் சற்றுக் குறைவு. வலிமை காற்பங்காகும் நாளைக் கொண்டால் 135,000 மணி. சங்கிலி நீளம் 200 ஆகும் நாளைக் கொண்டால் 150,000 மணி. முழுநிலைமாற்றிச் சோதனையைக் கொண்டால் 180,000 மணி. அஃதாவது இருபதரை ஆண்டு. கடதாசி ஒன்றே, வெப்பமும் ஒன்றே. இறுதி என்று எதனைச் சொல்வது என்பதில் உள்ள வேறுபாடே ஏழாண்டை இருபதாக்குகிறது. ஒரு பொறியின் ஆயுள் இத்தனை ஆண்டு என்று எவரேனும் உறுதி கூறினால், எந்த இறுதியை வைத்து அளந்தீர் என்று கேட்பதே அறிவுடைமை.

இனி, இச்சோதனைகள் நாள்தோறும் பயன்படுவதைக் காண்போம். சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் வழிகாட்டி, சாதாரண கிராப்ற் கடதாசிக்கு 98 பாகையை அளவுகோலாகக் கொள்கிறது. உச்சச் சூட்டிடம் 98 பாகையில் இருந்தால், ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு மணி ஆயுள் செலவாகிறது. 104 பாகையில் இரண்டு மணி, 110இல் நான்கு மணி, 116இல் எட்டு மணி ஆயுள் செலவாகும். 92 பாகைக்கு இறங்கினால் அரைமணியும், 80 பாகைக்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்கும் செலவாகும். 80 முதல் 140 பாகை வரை இக்கணக்கைக் கையாளலாம் என்பர்.

நாளொன்றில் 21 மணி நேரம் 80 பாகையிலும், மாலையில் மூன்று மணி நேரம் மாத்திரம் 116 பாகையிலும் ஒரு நிலைமாற்றி உழைக்கிறது என்று கொள்க. அமைதியான 21 மணி நேரத்துக்குச் செலவாகும் ஆயுள் மூன்று மணிக்கும் குறைவு. மாலையின் மூன்று மணி நேரத்துக்கோ 24 மணி, முழுதாக ஒருநாள். மாலைச் சுமையைச் சற்றுக் குறைத்து உச்சச் சூட்டை 110 பாகைக்கு இறக்கினால், அச்செலவு 12 மணியாகச் சுருங்கும். ஆறு பாகையைத் தணித்தமைக்குக் கிடைக்கும் ஊதியம் இது. ஆயின், பகலெல்லாம் குளிர்ந்திருந்ததனால் மாலையிற் பட்ட கேடு ஆறிவிடும் என்று எண்ணலாகாது. அறுந்த சங்கிலி மீண்டும் ஒட்டுவதில்லை. செலவான ஆயுள் செலவானதே.

சுற்றாடலின் வெப்பமும் இக்கணக்கிற் சேரும். மேற்கூறிய 98 பாகை என்பது, ஆண்டுச் சராசரி 20 பாகையான சூழலில், சுருளின் உச்சச் சூடு அதனிலும் 78 பாகை ஏறும் என்ற கணக்கில் அமைந்தது. குளிர் நாடுகளில் மாரிகாலம் கடதாசிக்கு ஓய்வு தரும். இலங்கையின் கரையோரத்திலோ அத்தகைய ஓய்வு இல்லை. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 28 பாகை. நுவரெலியாவினது ஏறக்குறைய 16 பாகை. ஒரேவிதமான இரு நிலைமாற்றிகளை இவ்விரு இடங்களிலும் நிறுத்தி, முழுச்சுமையை இடைவிடாது ஏற்றினால், உச்சச் சூடு கொழும்பில் 106 பாகையாகவும் நுவரெலியாவில் 94 பாகையாகவும் இருக்கும். இடைவெளி 12 பாகை, இரண்டு படிகள். ஆகவே கொழும்பிலுள்ள கடதாசி நான்கு மடங்கு விரைவாக முதுமையடையும். குளிர்நாட்டுக் கணக்கை வெப்பநாட்டில் அப்படியே கையாள முடியாது என்பதும், வாங்கும்போதே தாழ்ந்த வெப்ப ஏற்றத்தைக் கோரவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

கடதாசி எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பது ஒரு கேள்வி. குறித்த ஒரு பொறி எவ்வளவு சூடேறும் என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதற்குத் தொழிற்சாலையிலேயே விடை காணப்படுகிறது. பொறியை முழுச்சுமைக்கு ஒப்பான வெப்பத்தில் இயக்கிச் சூடு நிலைபெற்றதும், மின்னை நிறுத்திச் செம்பின் தடையை அளப்பர். 30 பாகையில் இருந்த தடை 90 பாகையில் ஏறக்குறைய நூற்றுக்கு 23 பங்கு கூடும். அதனால் சுருளே தனக்கு வெப்பமானியாகிறது. ஆயினும் இது சராசரிச் சூட்டையே காட்டும். உச்சச் சூட்டிடத்தைக் கணக்கினால் உய்த்துணரவேண்டும். அன்றேல், சுருளைச் சுற்றும்போதே கண்ணாடி இழை உணரிகளை உள்ளே பதித்து நேரே அளக்கவேண்டும்.

பொறி தொழிற்சாலையை விட்டு வந்தபின், கடதாசியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு துண்டை வெட்டி எடுப்பதானால் தொட்டியைத் திறக்கவேண்டும். ஆனால் எண்ணெய் ஒரு தூதுவனாகப் பயன்படுகிறது. செலுலோசு சிதையும்போது பேவியூரல் போன்ற சேர்வைகள் தோன்றி எண்ணெயிற் கலக்கின்றன. காபனோரொட்சைட்டும் காபனீரொட்சைட்டும் கரைகின்றன. சிறு போத்தல் எண்ணெயை எடுத்து இவற்றை அளந்தால், கடதாசியின் முதுமையை ஒருவாறு மதிப்பிடலாம். வைத்தியர் குருதியைச் சோதித்து உடலின் உள்நிலையை அறிவதைப் போன்றது இது. சோதனைக் கூடத்திற் பெற்ற கோடும், எண்ணெய் கொண்டுவரும் செய்தியும் ஒத்துப்போனால், இயக்குவோர் துணிந்து முடிவு செய்யலாம். முரண்பட்டால், ஏன் என்று தேடவேண்டும்.

இச்சோதனைகள் புதிய பொருள்களுக்கும் வழிதிறந்தன. 1950களின் இறுதியில், நைதரசன் மிகுந்த சேர்வைகளைக் கொண்டு கடதாசியைப் பதப்படுத்தி, அதன் வெப்பந்தாங்கும் ஆற்றலை உயர்த்தும் முறை அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. அதனால் 98 பாகை என்ற அளவுகோல் அத்தகைய கடதாசிக்கு 110 பாகையாயிற்று. அதன் பின்னர், செலுலோசே கலவாத செயற்கை நாரினாலாகிய தாள்களும் மிகுவெப்பம் தாங்கவேண்டிய இடங்களுக்குப் பயன்படலாயின. ஒவ்வொன்றும் முன்னையதைவிட மேலானது என்று செய்தவர் கூறிய சொல், அதே வெப்பப் பெட்டிகளில் மாதக்கணக்காக இருந்து வெளிவந்த பின்னரே நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

வெப்பந்தாங்கும் சோதனை ஒரு பொறியின் இறுதிநாளைக் குறித்துக் கொடுக்கும் சாதகமன்று. எந்தச் சூட்டில் எவ்வளவு விரைவாக ஆயுள் செலவாகிறது என்பதையே அது தெரிவிக்கிறது. முழுச்சுமையை அரிதாகவே ஏற்றி, எண்ணெயை உலர்ந்த நிலையில் வைத்துக் காக்கும் இடங்களில், நாற்பது ஆண்டுக்கு மேலும் நிலைமாற்றிகள் நன்றாக உழைத்துவருவதன் காரணமும் அதுவே. ஊரில் மின் தேவை பெருகும்போது, புதிய பொறி வரும்வரை பழையதன்மேற் சுமையைக் கூட்டவேண்டிய நெருக்கடி எழும். அவ்வாறு கூட்டலாகாது என்று சோதனை தடுப்பதில்லை. கூட்டினால் எத்தனை நாள் ஆயுள் செலவாகும் என்பதை முன்கூட்டியே சொல்கிறது. அக்கணக்கை அறிந்து செலவிடுவோர், புதிய பொறிக்கு எந்த ஆண்டிற் கட்டளை கொடுக்கவேண்டும் என்பதையும் அறிவர்.